450 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு கணக்கு

மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். போன வாரம் கேட்டவர் திருமங்கலத்துக் கல்லூரி மாணவர் ஒருவர். "அண்ணா, என் சிஸ்டம் ஐ5-12400 பிராசஸர். கேபினெட்டோட வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் இருக்கு. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு செகண்ட்ஸ்ல கிடைக்குது. அப்படியே மாட்டிடலாமா? கடைக்காரர் தாங்கும்ங்கிறார். வீடியோ போடுறவங்க 750 வாட் கோல்டு இல்லாம தொடாதேங்கிறாங்க. யார் சொல்றது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அதற்கான காரணத்தைத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

(எஸ்எம்பிஎஸ் என்றால் சுவர் கரண்டை மாற்றிச் சிஸ்டத்துக்குக் கொடுக்கும் பெட்டி. பவர் சப்ளை என்று எழுதலாம்தான். ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் அப்படிக் கேட்டால் "எஸ்எம்பிஎஸ்ஸா சார்?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாமும் எஸ்எம்பிஎஸ் என்றே வைத்துக்கொள்வோம். பிரான்ஸ் (Bronze), கோல்டு என்பவை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான தரப் பெயர்கள்; பிரான்ஸைவிடக் கோல்டு உசத்தி.)

## எதை வைத்து எடைபோடுவது

சிஸ்டத்தை அணைத்து, பிளக்கை உருவிவிட்டு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் 450ஐ விட்டுவிட்டு, கீழே கட்டம் கட்டி இருக்கும் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். திருமங்கலத்துத் தம்பி அனுப்பிய போட்டோவில் இப்படி இருந்தது: 3.3 வோல்ட் 14 ஆம்பியர், 5 வோல்ட் 16 ஆம்பியர், 12 வோல்ட் 16 ஆம்பியர்.

கடைசி எண்தான் நமக்கு வேண்டியது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். பென்டியம் 3 காலத்தில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் பெரிதாக இருந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் பென்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக நாலு முள் 12 வோல்ட் கனெக்டர் வந்தது. அதிலிருந்து பாரமெல்லாம் 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. மலிவு எஸ்எம்பிஎஸ்கள் இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே வாட்டைக் கூட்டிக் காட்டுகின்றன. சிலவற்றில் 450 என்பது மாடல் பெயரில் வரும் ஒரு எண், அவ்வளவுதான். அது வாட் என்று ஸ்டிக்கரில் எங்கேயும் எழுதியிருக்காது.

இப்போது தேவையைப் போடுவோம். ஐ5-12400 அதிகபட்சமாக 117 வாட் இழுக்கும் என்று இன்டெலே சொல்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 வாட். மொத்தம் 337. இதை ஒன்றரையால் பெருக்குங்கள், 505 வரும். ஆக, நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். ஒன்றரை மடங்கு ஏன் என்றால், கார்டு எப்போதும் ஒரே சீராக இழுப்பதில்லை. ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்குச் சட்டென்று எகிறி இறங்கும். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து இந்த எகிறல் ரொம்பவே கூடிவிட்டது. எஸ்எம்பிஎஸ்களுக்கென்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, மிகச் சிறு கணத்துக்கு இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

12 வோல்ட்டுக்கு அடுத்து நான் பார்ப்பவை இவை. ஷார்ட், ஓவர்லோடு, சூடு ஆகியவை வந்தால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு இருக்கிறதா? கார்டுக்கு வேண்டிய 8 முள் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வருகிறதா, அல்லது கன்வெர்ட்டர் மாட்ட வேண்டுமா? உங்கள் ஊர் லோ வோல்டேஜையும் வீட்டு இன்வெர்ட்டரையும் தாங்குமா? வாரண்டி எத்தனை வருஷம்? கடைசியாக விலை. அதையும் கடையில் கொடுக்கும் காசை மட்டும் வைத்துப் பார்க்காமல், அஞ்சு வருஷத்துக்கான கணக்காகப் பாருங்கள்.

## வழி 1: பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கார்டு வாங்குவது

இந்த வழியை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் வியாபாரம் இல்லை. மதர்போர்டின் ஸ்லாட் மட்டுமே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டுகளுக்குத் தனி வயரே தேவையில்லை. 2024 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாடல் 70 வாட். அதே பெயரில் இருக்கும் 8 ஜிபி மாடல் 130 வாட், அது வேறு ஜாதி. பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஜிடிஎக்ஸ் 1650 75 வாட்; ஆனால் சில கம்பெனிகள் அதிலும் 6 முள் கனெக்டர் வைத்திருக்கின்றன. ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவு, 53 வாட்தான். ஆனால் அது ஸ்லாட்டில் நாலு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால், பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டில் மாட்டினால் வேகம் அடிபடும்.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி மாதிரி சிஸ்டங்களை வாங்கியவர்களுக்கு இதுதான் நல்ல வழி. அவற்றில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் 180, 240, 290 வாட் என்று சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் போட்டிருக்கும் எண் உண்மையானது. மாற்றலாம் என்று நினைத்தால் வேறு தலைவலி: பல மாடல்களில் மதர்போர்டு கனெக்டர் வழக்கமான 24 முள் கிடையாது, கம்பெனியின் சொந்த வடிவம். அளவும் வேறு. கன்வெர்ட்டர் வயர் தேடி ஆன்லைனில் அலைய வேண்டும்.

கேபினெட்டோடு வந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 75 வாட் கார்டை மாட்டலாமா? ஐ3, ஐ5 மாதிரி பிராசஸர் என்றால் ஓடும். நிம்மதியாக ஓடுமா என்றால், நான் மாட்ட மாட்டேன். அந்தப் பெட்டிகளைக் கையில் தூக்கினாலே தெரியும், காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். உள்ளே மின்சாரத்தை வடிகட்டும் பாகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டைப் போட்டு இணைத்திருப்பார்கள்.

இந்த வழியில் ஒளிந்திருக்கும் செலவு மின்சாரம்தான். அதைக் கோல்டு பகுதியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். 8 முள் வயர் இல்லையே என்று, எஸ்எஸ்டிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் கரண்ட் கொடுக்கும் சாட்டா வயரிலிருந்து 8 முள்ளுக்கு மாற்றும் கன்வெர்ட்டரை 150 ரூபாய்க்கு வாங்கி மாட்டுகிறார்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முட்கள் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 முள் கனெக்டர் வழியாகக் கார்டு கேட்கக்கூடியது 150 வாட். பிளாஸ்டிக் உருகுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படி உருகிய கனெக்டரை எஸ்எஸ்டியிலிருந்து பிரித்தெடுக்க ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டியதாயிற்று. வாசனை இரண்டு நாள் அறையிலேயே இருந்தது.

## வழி 2: 550 அல்லது 650 வாட் பிரான்ஸ்

கேள்வி கேட்பவர்களில் பத்தில் ஏழு பேருக்கு நான் சொல்வது இதுதான். 550 வாட் பிரான்ஸ் இப்போது ஏறக்குறைய 3,500 முதல் 4,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நல்ல மாடலின் ஸ்டிக்கரைப் பார்த்தால் 12 வோல்ட்டில் 43, 45 ஆம்பியர் இருக்கும். 540 வாட் அந்த ஒரு லைனிலேயே கிடைத்துவிடும். தம்பியின் பழைய பெட்டியோடு ஒப்பிட்டால் எழுத்தில் 100 வாட் வித்தியாசம், நிஜத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

எந்தக் கார்டு வரை தாங்கும்? ஆர்டிஎக்ஸ் 3060 (170 வாட்), 4060 (115), 5060 (145), ஆர்எக்ஸ் 7600 (165) எல்லாமே 550க்குள் அடங்கும். 4060க்கும் 5060க்கும் என்விடியாவே 550 வாட் போதும் என்றுதான் சொல்கிறது. ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் 250 வாட். அங்கே 650க்குப் போங்கள்.

பிரான்ஸ் என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 80 பிளஸ் சான்றிதழ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான மதிப்பெண் மட்டுமே. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் எப்படி, பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறதா, ஃபேன் எத்தனை வருஷம் ஓடும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பிரான்ஸ் பட்டம் வாங்கிய மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு. வாங்கும் முன் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, பிரித்துப் போட்டு அளந்து எழுதிய விமர்சனம் ஒன்றையாவது படியுங்கள். நட்சத்திர மதிப்பீடுகளை நம்பாதீர்கள். "டெலிவரி சீக்கிரம் வந்தது" என்பதற்கெல்லாம் அஞ்சு நட்சத்திரம் போடுகிற ஊர் இது.

மறைந்திருக்கும் குறை வெப்பம். பல பிரான்ஸ் மாடல்களின் வாட் கணக்கு 40 டிகிரி வெப்பத்தில் எடுத்தது. உசத்தியான மாடல்களில் 50 டிகிரி என்று போட்டிருக்கும். மே மாதம் மதுரையில் ஏசி இல்லாத மாடி அறையில் கேபினெட்டுக்குள் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் 505 வேண்டும் என்று கணக்கு வந்தால் 500 வாட்டில் நிறுத்தாமல் 550க்குப் போகச் சொல்கிறேன். வாரண்டியும் மாடலுக்கு மாடல் 3 முதல் 5 வருஷம் வரை மாறும். 300 ரூபாய் கூடக் கொடுத்து 5 வருஷ மாடலை எடுப்பது நல்லது.

## வழி 3: 750 வாட் கோல்டு

7,500 முதல் 10,000 ரூபாய். கோல்டு வாங்கினால் கரண்ட் பில்லிலேயே காசு திரும்பி வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. போட்டுப் பார்ப்போம்.

சிஸ்டம் உள்ளே 200 வாட் இழுக்கிறது, தினம் 4 மணி நேரம் அப்படி ஓடுகிறது, ஒரு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரான்ஸ் 85 சதவீதம் என்றால் சுவரிலிருந்து 235 வாட் எடுக்கும். கோல்டு 90 சதவீதம், 222 வாட். வித்தியாசம் 13 வாட். வருஷத்துக்கு 1,460 மணி நேரம், 19 யூனிட், சுமார் 150 ரூபாய். விலை வித்தியாசமான 4,000 ரூபாயை இப்படி எடுக்க 26 வருஷம் ஆகும்.

அதே கணக்கை லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போடுங்கள். அது 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுவரிலிருந்து 286 வாட். பிரான்ஸோடு ஒப்பிட்டால் 50 வாட் வெறும் சூடாகப் போகிறது. வருஷத்துக்குச் சுமார் 590 ரூபாய். ஆறேழு வருஷத்தில் ஒரு பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்கும் காசு புகையாகப் போயிருக்கும். ஆக, கரண்ட் பில் என்ற காரணம் லோக்கலிலிருந்து பிரான்ஸுக்குத் தாவுவதற்குப் பொருந்தும். அங்கிருந்து கோல்டுக்குப் போக அது காரணமே ஆகாது.

பிறகு ஏன் கோல்டு? வாரண்டி பெரும்பாலும் 7 முதல் 10 வருஷம். அதாவது ஒரே எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு இரண்டு சிஸ்டம் மாற்றிவிடலாம். சத்தம் குறைவு, பல மாடல்களில் குறைந்த சுமையில் ஃபேன் நின்றே இருக்கும். பலவற்றில் வயர்கள் தனித்தனியாகக் கழற்ற வரும். ஏடிஎக்ஸ் 3.1 மாடலாக எடுத்தால் புது 16 முள் வயர் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே வரும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் 16 முள் கனெக்டர் உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின; முழுக்க உள்ளே போகாமல் அரைகுறையாக நின்ற கனெக்டர் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பின் வந்த திருத்திய வடிவத்தில், முழுக்கச் செருகியிருக்கிறதா என்று கார்டுக்குக் காட்டும் உணர்வு முட்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். சரியாகச் செருகாவிட்டால் கார்டு வேலையே செய்யாது. 250 வாட்டுக்கு மேல் கார்டு வாங்குபவர்களும், இரண்டு வருஷத்துக்குள் வாங்கப் போகிறவர்களும், வீடியோ ரெண்டரிங், ஏஐ மாடல் என்று நாள் முழுக்க ஓட்டுபவர்களும் கோல்டுக்குப் போகலாம்.

5060ஐ மாட்டி வாரத்துக்கு இரண்டு மேட்ச் ஆடும் ஆளுக்கு 750 கோல்டு என்பது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி எடுப்பது. மிச்சக் காசை ரேமில் போடுங்கள்.

## வழி 4: செகண்ட்ஸ் எஸ்எம்பிஎஸ்

சுருக்கமாகச் சொல்கிறேன்: கார்டை செகண்ட்ஸில் வாங்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸை வேண்டாம். கெப்பாசிட்டர் வயதாகும் பொருள், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 24 மணி நேரமும் கிரிப்டோ மைனிங்குக்கு ஓடியதா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் சந்தேகம். கழற்றும் வகை வயர்களில் ஒன்று தொலைந்திருந்தால் வேறு கம்பெனி வயரை மாட்டத் தோன்றும். மாட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த முள்ளில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. கனெக்டர் அழகாகப் பொருந்தும், ஹார்டு டிஸ்க் செத்துவிடும்.

தெரிந்தவரிடம், பில்லோடு, எல்லா வயரோடும், வாரண்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்து, புது விலையில் பாதிக்குக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

| வழி | கையை விட்டுப் போகும் காசு | எதுவரை தாங்கும் | பின்னால் வரும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பழையதை வைத்து 75 வாட் கார்டு | எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒன்றுமில்லை | தனி வயர் வேண்டாத கார்டு | லோக்கல் என்றால் வருஷத்துக்குச் சுமார் 590 ரூபாய் மின்சாரம், போர்டுக்கும் ஆபத்து | கழித்துவிட்ட ஆபீஸ் சிஸ்டம் வைத்திருப்பவர் |
| 550–650 பிரான்ஸ் | 3,500 முதல் 5,500 | 550இல் 170 வாட் கார்டு, 650இல் 250 வாட் கார்டு | வெயில் காலத்தில் கொஞ்சம் ஃபேன் சத்தம் | பெரும்பாலோர் |
| 750 கோல்டு | 7,500 முதல் 10,000 | 300 வாட் சுமாரான கார்டு | தேவையில்லாமல் முடங்கும் பணம் | பெரிய கார்டு, நாள் முழுக்க வேலை |
| செகண்ட்ஸ் | பாதி விலை | சொல்ல முடியாது | வயர், வாரண்டி, மனநிம்மதி | பில்லோடு தெரிந்தவரிடம் வாங்குபவர் |

## சுவருக்கு அந்தப் பக்கம்: இன்வெர்ட்டரா, யூபிஎஸ்ஸா?

நம் ஊரில் எஸ்எம்பிஎஸ் சாவதற்குப் பாதிக் காரணம் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. எர்த் இல்லாத பிளக், லோ வோல்டேஜ், நியூட்ரல் கட். வெளிநாட்டு விமர்சனங்களில் இவை வரவே வராது.

எர்த்திலிருந்து தொடங்குவோம். வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். உள்ளே வரும் மின்சாரத்தைச் சுத்தப்படுத்த, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் தகடு 230இல் பாதி, 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். கசிவு சொற்பம் என்பதால் சுருக்கென்று மட்டும் தெரிகிறது. அதற்காகச் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருவது தீர்வாகாது. 10,000 ரூபாய் கோல்டு வாங்கி மாட்டினாலும் எர்த் இல்லாவிட்டால் அதுவும் சுருக்கென்றுதான் அடிக்கும்.

லோ வோல்டேஜ் ஊரா? ஸ்டிக்கரில் உள்ளீடு 100–240 வோல்ட் என்று இருக்கும் மாடலாகப் பாருங்கள். 160 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். சிஸ்டத்துக்கென்று ஸ்டெபிலைசர் வேண்டாம். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் பழைய டிசைன் என்று அர்த்தம். அந்த ஸ்விட்சைக் குழந்தைகள் 115க்குத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் போட்டால் பட்டென்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

நியூட்ரல் கட் வேறு கதை. தெருவில் நியூட்ரல் வயர் அறுந்தால் வீட்டுக்குள் 230க்குப் பதில் 400 வோல்ட் வரைகூட ஏறிவிடும். எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் இதற்குத் தப்பாது. நல்லது என்றால் உள்ளே ஃபியூஸ் போய், தான் மட்டும் செத்து, போர்டையும் கார்டையும் காப்பாற்றும். மட்டமானது கூடவே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பிரான்ஸுக்கு நான் காசு கொடுக்கச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம், மின்சார மிச்சம் எல்லாம் பிறகு.

அடுத்தது இன்வெர்ட்டர். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. கரண்ட் போனால் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிறது என்று புகார் சொல்பவர்கள், இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்க்கட்டும். கரண்ட் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்து முழுச் சுமையில் 16 மில்லிசெகண்டு தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது பழைய ஏடிஎக்ஸ் விதி, புது 3.1இல் 12ஆகக் குறைத்துவிட்டார்கள். யூபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு 10, 15 மில்லிசெகண்டு ஆகும். நார்மல் மோடில் 30, 40 என்று போகும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது. சிஸ்டம் படுத்துவிடும்.

அப்படியானால் யூபிஎஸ் மோடிலேயே விட்டுவிடலாமே? அங்கேதான் மறைந்த செலவு. யூபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். லோ வோல்டேஜ் ஊரில் சாயங்காலம் முழுக்க டக், டக் என்று மாறிக்கொண்டே இருக்கும். பேட்டரி ஆயுள் குறையும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இன்னொரு சங்கடமும் சேரும். பிரான்ஸ், கோல்டு எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்கு (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் பகுதி) அந்த அலை பிடிக்காது. ரீங்காரம் போடும், சில சமயம் அணைந்தே போகும். லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் நன்றாக ஓடிய சிஸ்டம் புதியதை மாட்டியதும் கரண்ட் போகும்போதெல்லாம் அணைகிறதென்றால், புதியதைக் குறை சொல்லிக் கடையில் சண்டை போடும் முன் இன்வெர்ட்டரைப் பாருங்கள். இதே மாதிரி ஒரு சண்டையை நானே போட்டுவிட்டு, மறுநாள் அசடு வழிய நின்றிருக்கிறேன்.

தனி யூபிஎஸ் வாங்குபவர்கள் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணில் ஏமாறுகிறார்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது 300 வாட் இழுக்கும் சிஸ்டத்தையும் மானிட்டரையும் அதில் மாட்டினால், கரண்ட் போன நொடியில் பீப் அடித்து அதுவும் அணைந்துவிடும். 1,100 விஏ, 660 வாட் என்றால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். உள்ளே இருக்கும் பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டிவரும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்து, ஊரில் வோல்டேஜும் ஒழுங்காக இருந்தால் தனி யூபிஎஸ் வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம் வரை கரண்ட் வராது. அந்த நாளில் 1,100 விஏ யூபிஎஸ்ஸால் எப்படியும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

## மாட்டிய பிறகு எப்படிக் கண்காணிப்பது

மென்பொருள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) இலவசம். சென்சார் பக்கத்தில் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, கேம் ஓடும்போது எவ்வளவு என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 11.40க்கும் 12.60க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணைச் சொல்வது மதர்போர்டின் சென்சார், பல போர்டுகளில் அது கன்னாபின்னாவென்று காட்டும். 12 வோல்ட் இடத்தில் 8.1 என்று பார்த்துவிட்டுப் பதறிப்போய் அழைப்பவர்கள் உண்டு. நிஜமாகவே 8 வோல்ட் என்றால் அந்த எண்ணைக் காட்ட சிஸ்டமே ஓடிக்கொண்டிருக்காது.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக ஒரு வரி இருந்தால், ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் சிஸ்டம் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள். கரண்ட் போனாலும் வரும், எஸ்எம்பிஎஸ் மக்கர் செய்தாலும் வரும். நீலத் திரை வராமல், சத்தமே இல்லாமல், கேமின் கனமான காட்சியில் மட்டும் பட்டென்று அணைந்தால் சந்தேகத்தை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்புங்கள்.

பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர். ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்கும் இதே வேலையைச் செய்யும். நான் மிகவும் பயன்படுத்துவது இதைத்தான். ஊகம் எல்லாம் போய் எண் கையில் வரும். ஐ5-12400, ஆர்டிஎக்ஸ் 3060, 550 வாட் பிரான்ஸ் உள்ள ஒரு சிஸ்டத்தில் பார்த்தபோது டெஸ்க்டாப்பில் சும்மா 50 வாட் சுற்றியும், கேமில் 270, 280ம் காட்டியது. அதில் எஸ்எம்பிஎஸ் தானே தின்பதைக் கழித்தால் உள்ளே போவது 240 சுமார். 550இல் பாதிகூட இல்லை. 750 வாங்க இருந்த அவர் அந்த எண்ணைப் பார்த்த பிறகு வாங்கவில்லை. ஒரே குறை, மைக்ரோசெகண்டு எகிறல் எதுவும் இதில் தெரியாது.

மல்ட்டிமீட்டர். 300, 400 ரூபாய். டிசி 20 வோல்ட்டில் வைத்து, பழைய நாலு முள் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே அளந்தால் 12 வோல்ட், சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 5 வோல்ட். சென்சார் பொய் சொல்கிறதா என்பதற்கு இதுதான் சாட்சி. முனை நழுவி இரண்டு முள்ளைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

காசே செலவில்லாமல் இன்னொன்று: கார்டின் பவர் லிமிட்டை மென்பொருளில் 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். அப்படி இறக்கியதும் அணைவது நின்றுவிட்டால் குற்றவாளி யார் என்று ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

திருமங்கலத்துத் தம்பிக்கு 550 பிரான்ஸ், 5 வருஷ வாரண்டி, அதிலும் 100–240 வோல்ட் மாடல் என்று சொல்லி முடித்தேன். கடைசியில் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், கேபினெட் ஷாக் அடிக்குமா என்று. "அது எப்பவும் அடிக்கும்ண்ணா, பழகிடுச்சு" என்றார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் கழித்துப் போட்டோ அனுப்பினார். சுவர் ஸ்விட்ச் பாக்ஸுக்குள் பச்சை வயர் பிளக் முனையில் மாட்டப்படாமல், இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைத்திருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. எஸ்எம்பிஎஸ் ஆர்டரை அதற்குப் பிறகுதான் போட்டார்.